மிளகாய்க் குழுவில் விற்ற சம்பல்

நியூ லின் கடைவளாகத்தில், படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் விற்கும் கடையொன்றில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் விளம்பர நிறுவனத்தில் இருந்தவள். கணவருக்கு மென்பொருள் வேலை கிடைத்து ஆக்லாந்துக்கு வந்த பிறகு, என் துறையில் போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் இந்த ஊர் அனுபவம் இல்லை என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கடையில் சேர்ந்தேன். விரிப்புகளைப் பிரித்துக் காட்டுவதும் மறுபடி மடித்து வைப்பதும்தான் வேலை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைப்பேசியில் கணவரிடம் பேசி முடித்து நிமிர்ந்தபோது எதிரில் ஒரு பெண் தலையணை உறையோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"தமிழா? பேசுறது கேட்டுச்சு. பசியாறிட்டியா?" என்றார்.

காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர். இங்கே மருத்துவமனையில் நர்ஸ். கணவர் பொறியாளர். பிள்ளைகள் படிப்பு முடிந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். வீடு ரயில் நிலையத்துக்குப் பின்னால். இதையெல்லாம் பணம் கட்டி முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். நான் முன்பு என்ன செய்தேன் என்று கேட்டார். விளம்பரத் துறை என்றதும், அட்டையைப் பர்ஸுக்குள் வைக்காமல் கையில் பிடித்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீதான் எனக்கு வேணும் லா."

அன்றே அவர் எனக்கு அக்கா ஆகிவிட்டார். அக்காவுக்கு ஒரு சிறு வியாபாரம் இருந்தது. வேலையில்லாத நாட்களில் அவருடைய தேவாலயத்தின் சமையலறையை வாடகைக்கு எடுத்துச் சம்பல் செய்வார். பழுத்த மிளகாயும் வெங்காயமும் புளியும் உலர்ந்த இறாலும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கிய விழுது அது. கண்ணாடி ஜாடிகளில் அடைத்து ஆராதனை முடிந்தபின் விற்பார். தேவாலயத்தில் வாங்கக்கூடியவர்கள் எல்லோரும் வாங்கி முடித்துவிட்டார்கள். அதுதான் பிரச்சினை. வெளி ஆட்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியவில்லை.

சமூக வலைத்தளத்தில் அவருக்கு ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தேன். ஜாடியைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தேன். முதல் வாரமே லைக் குவிந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். பிறகு ஒருநாள் கேட்டார்: "இவ்ளோ பேரு லைக் போடுறாங்க, ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாங்களே?"

"அக்கா, இவங்க எல்லாம் எங்க இருக்காங்கன்னு பாத்தீங்களா? ஈப்போ, கிள்ளான், பினாங்கு. எல்லாம் உங்க சொந்தக்காரங்க."

அவர் ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தார். "ஆமா லா," என்றார்.

பிறகு நான் வேறு விதமாக யோசித்தேன். சம்பல் என்றால் என்ன என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பதைவிட, இந்த ஊரில் மிளகாயைப் பற்றி ஏற்கெனவே கவலைப்படுகிறவர்கள் யார் என்று தேடினேன். மிளகாய் வளர்ப்போருக்கென்று ஒரு இணையக் குழு இருந்தது. பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள். குழாய் வேலை செய்பவர், பள்ளி ஆசிரியர், பேருந்து ஓட்டுநர். எங்கள் சமையல் எதையும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள், ஆனால் உலகத்து மிளகாய் வகைகளின் பெயரெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யார் செடியில் முதல் காய் பழுத்தது, யார் செடியை அசுவினிப் பூச்சி தாக்கியது, குளிர்காலத்தில் செடியை எப்படி உயிரோடு வைப்பது என்று நாள் முழுக்கப் பேசினார்கள். குழுவின் தலைப்பிலேயே இரண்டு விதிகள் ஒட்டியிருந்தன. இங்கே எதையும் விற்கக்கூடாது. இந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது என்பதால், வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவருவதைப் பற்றிப் பேசக்கூடாது.

இப்படி ஒரு குழு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று மட்டும்தான் அக்காவிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே சேர்ந்து, ஜாடியின் படத்தையும் விலையையும் போட்டுவிட்டார். நான் மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் பதிவை நீக்கிவிட்டார்கள். குழுவின் அட்மின் அவருக்குத் தனியாக ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார்: "இது சந்தை இல்லை. நீங்கள் மிளகாய் வளர்க்கிறீர்களா?"

மாலையில் அக்கா கடைக்கே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது. "என்னைய விரட்டுறாங்க லா."

"விரட்டலக்கா. கேள்வி கேட்டிருக்கார். நீங்க வளர்க்கிறீங்களா?"

"வீட்டுக்குப் பின்னால ஒரு செடி நிக்குது. பூக்குது, எல்லாம் கொட்டிடுது. ஒரு காய் கிடையாது."

"அதையே எழுதுங்க."

"அதை எழுதினா சம்பல் எப்படி விக்கும்?"

"விக்காது," என்றேன். எனக்கும் அதற்குமேல் தெரியாது. சென்னையில் நாங்கள் காசு கொடுத்து மக்களின் கவனத்தை வாங்குவோம். இங்கே மக்கள் தாங்களாகவே கூடி உட்கார்ந்திருந்தார்கள். அதன் நடுவே விலைப்பட்டியலோடு நுழைவது, கல்யாணப் பந்தியில் கடை விரித்த மாதிரி. அது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

அக்கா பூ கொட்டும் செடியைப் படம் எடுத்துப் போட்டார். பதில்கள் வரிசையாக வந்தன. இரவில் குளிர் அதிகம், சுவரோரம் நகர்த்துங்கள் என்றார் ஒருவர். உரம் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள் என்றார் இன்னொருவர். பூவை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள், தேனீ செய்யும் வேலையை நீங்கள் செய்யுங்கள் என்றார் மூன்றாமவர். அக்கா ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, செய்ததையும் எழுதினார். முதல் காய் பிடித்தபோது அதற்கு வந்த லைக் எல்லாம் நியூசிலாந்திலிருந்தே வந்தவை.

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. தொட்டிகள் வாங்கினார். குழுவில் ஒருவர் கொடுத்த நாற்றுகளை வாங்கிவர ஊரின் மறுகோடிக்குத் தன் கணவரை, நான் அண்ணன் என்று கூப்பிடுபவரை, காரோட்ட வைத்தார். துணி காயப்போட இடமில்லை என்று அண்ணன் முணுமுணுத்தார். ஈப்போவிலிருந்து தங்கை விதை அனுப்புவாள் என்று ஒருநாள் வெகுளியாக எழுதி, அட்மினிடம் எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கினார். உடனே மன்னிப்புக் கேட்டார். சம்பலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் சொல்லித்தான் எழுதாமல் இருந்தார் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

மிளகாய் நறுக்கிய கை எரிகிறது, என்ன செய்வது என்று ஒருவர் பதறிப்போய்க் கேட்டபோது, அக்கா ஒரு நர்ஸாகப் பதில் எழுதினார். முதலில் எண்ணெய் தேய்த்துத் துடையுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணருகே கையைக் கொண்டுபோகாதீர்கள், கண்ணில் பட்டுவிட்டால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். அந்தப் பதிவை அட்மின் குழுவின் தலைப்பில் ஒட்டிவைத்தார். விதிகளுக்குக் கீழே அக்காவின் எழுத்து நின்றது.

அறுவடைக் காலம் முடியும் தறுவாயில், ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் அட்மின் வீட்டில் ஒரு கூடுகை நடந்தது. அவரவர் விளைவித்த மிளகாயையும் ஏதாவது சாப்பாட்டையும் கொண்டுவர வேண்டும். ரயிலில் போய் இறங்கி நடக்கிற தூரம் இல்லை. அண்ணன் காரோட்டினார், நான் பின்சீட்டில். அக்கா மடியில் தேங்காய்ப்பால் சோறு வைத்த பெரிய பாத்திரம். காலடியில் வெள்ளரியும் அவித்த முட்டையும், மூடி போட்ட கிண்ணத்தில் சம்பலும்.

"ஜாடி எதுவும் எடுக்கலையா?" என்று கேட்டேன்.

"நீதானே விக்காதேன்னு சொன்ன."

அண்ணன் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

அட்மின் ஆறடிக்கு மேலிருந்த மனிதர். வெங்காயம் தரம் பிரித்து அடைக்கும் கொட்டகையில் வேலை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் குடில் அந்த வீட்டைவிட ஒழுங்காக இருந்தது. புல்தரையில் மேசை போட்டு மிளகாய்களை நிறவாரியாகப் பரப்பியிருந்தார்கள். வளர்ந்த ஆண்கள் மிளகாயை அப்படியே கடித்துவிட்டு, கண்ணில் நீர் வழிய ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது. தள்ளி நின்று வேடிக்கை பார்த்தேன்.

அக்காவின் சோற்றை முதலில் இரண்டொருவர் எடுத்தார்கள். பிறகு வரிசை நின்றது. அட்மின் இரண்டாம் முறை சம்பல் போட்டுக்கொண்டே கேட்டார், "இதில் யாருடைய மிளகாய்?"

"என்னுடையதும், நீங்களெல்லாம் கொடுத்த செடிகளில் காய்த்ததும்," என்றார் அக்கா ஆங்கிலத்தில்.

பக்கத்தில் நின்றவர், இது வாங்கக் கிடைக்குமா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் அட்மினைப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்து தலையை உயர்த்தாமல், "குழுவுக்குள் விற்கக்கூடாது. தெருவில் உங்கள் காரின் பின்கதவைத் திறந்து வைத்து என்ன செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது," என்றார்.

"கார்ல ஒண்ணும் இல்லையே," என்றார் அக்கா தமிழில், என்னிடம்.

அண்ணன் மெல்ல எழுந்து காரை நோக்கிப் போனார். பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஜாடிகள். அக்கா அவரை முறைத்தார். தேநீர் வருவதற்குள் பெட்டி காலியாகிவிட்டது.

அங்கேதான், குழுவில் ஒரு மிளகாயின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டு எழுதிவந்த ஒருவர் எங்களிடம் வந்தார். "ஓம், நானும் தமிழ்தான். யாழ்ப்பாணம். குழுவில ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். ஆக்லாந்தின் கிழக்கே, பாட்டனி டவுன்ஸில் இருந்தார். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அக்காவின் கிண்ணத்தைப் பார்த்து, "எங்கட சம்பல் வேற, இது வேற. ஆனா நல்லா இருக்கு," என்று இரண்டு ஜாடி வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரங்களில் நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. குழுவில் இருந்தவர்கள் தங்கள் தட்டுகளைப் படம் எடுத்துப் போட்டார்கள். முட்டைப் பொரியலின் மேல் சம்பல், ரொட்டிக்குள் சம்பல், மீனின் மேல் சம்பல். எங்கே கிடைக்கும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். வாங்கியவர்களே பக்கத்தின் முகவரியைக் கொடுத்தார்கள். தோட்டத்தில் தின்று தீராத மிளகாய் வைத்திருந்தவர்கள் ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்துக் கொண்டுவந்து அக்காவின் வாசலில் வைத்துவிட்டு, பதிலுக்குச் சம்பல் வாங்கிப் போனார்கள். ஜாடிக்குப் புதிய லேபிள் மட்டும் நான் எழுதிக் கொடுத்தேன். "ஆக்லாந்துத் தோட்டங்களில் விளைந்த மிளகாய்" என்பது அதன் முதல் வரி. எழுதிய நாளில் அது உண்மைதான்.

இந்த ஊரில் பருவம் தலைகீழ்; ஜூனில் குளிர்காலம் வந்தது. செடிகள் காய்ப்பதை நிறுத்திவிட்டன. உறைபெட்டியில் சேர்த்து வைத்திருந்ததும் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து பாட்டனியில் ஒரு மளிகைக் கடை மொத்தமாகக் கேட்டது. அக்கா இந்தியக் கடையில் காய்ந்த மிளகாய் வாங்கி ஊறவைத்து அரைத்துச் செய்தார். அண்ணன் வழக்கம்போல் லேபிள் ஒட்டினார். கையில் இருந்தது பழைய லேபிள்தான். இரண்டு பேருமே அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பாட்டனியில் அந்த ஜாடியை வாங்கியவர்களில் யாழ்ப்பாணத்துக்காரரும் ஒருவர். முன்பு வாங்கியதையும் இதையும் அருகருகே வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். ஒன்று பளிச்சென்ற சிவப்பு, மற்றது கருஞ்சிவப்பு. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். இரண்டும் ஒன்றா? ஜூலை மாதத்தில் ஆக்லாந்தில் எந்தத் தோட்டத்தில் காய்த்தது? எனக்கும் அந்தத் தோட்டத்தைப் பார்க்க ஆசை.

கடை முடிந்து நான் அக்கா வீட்டுக்குப் போனபோது கீழே பதில்கள் நீண்டிருந்தன. நாங்கள் கொடுத்த மிளகாயின் பெயரைச் சொல்லி வேறு எதையோ விற்கிறார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். வியாபாரத்தை உள்ளே விட்டால் இப்படித்தான் என்றார் இன்னொருவர்.

"பதிலே சொல்லாத. ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க," என்றார் அண்ணன்.

நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த முறையில் ஒரு அறிக்கை எழுதினேன். பருவகால மாற்றங்களால் மூலப்பொருளில் வேறுபாடு ஏற்பட்டுள்ளது, லேபிளால் குழப்பம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம், வாடிக்கையாளரின் நம்பிக்கையே எங்கள் முதன்மை. நல்ல ஆங்கிலம். அக்கா வேலையிலிருந்து வந்து, சீருடையோடு நின்றுகொண்டே படித்தார்.

"இதுல நான் என்ன செஞ்சேன்னு எங்க இருக்கு?"

"அவ்வளவு நேரடியா சொன்னா பிடிச்சுக்குவாங்கக்கா."

"வார்டுல ஒருத்தருக்கு மருந்து மாத்திக் குடுத்துட்டா இப்படியா எழுதுவோம்? என்ன குடுத்தோம், எப்ப குடுத்தோம், இப்ப என்ன செய்யப்போறோம். அவ்ளோதான் லா."

என் கையிலிருந்த கணினியை வாங்கி அவரே தட்டினார். தோட்டத்து மிளகாய் ஜூனிலேயே தீர்ந்துவிட்டது. இது கடையில் வாங்கிய காய்ந்த மிளகாய். லேபிள் தவறு, ஒட்டியது நாங்கள்தான். வேண்டாதவர்கள் ஜாடியைத் திருப்பிக் கொடுக்கலாம், திறந்திருந்தாலும் பரவாயில்லை. பாட்டனிக் கடையில் மீதமுள்ளதை நாளைக்கே எடுத்துவிடுகிறேன். அனுப்பிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நானும் அண்ணனும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

குளித்து வந்தபோது தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்துக்காரர். அக்கா ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார்.

"அக்கா, நான் உங்களை மாட்டிவிடுறதுக்காகக் கேக்கேல்லை. ரெண்டும் ருசி வேறயா இருந்தது, அதுதான் கேட்டனான்."

"தெரியும் தம்பி. நீ கேக்கலன்னா வேற யாராச்சும் கேட்டிருப்பாங்க."

"முதல்ல போனில கதைச்சிருக்கலாம் எண்டு வீட்டில மனிசி ஏசுறா."

"அவங்க சொல்றதும் சரிதான்," என்றார் அக்கா. அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. "ஜாடியக் கொண்டாந்து குடு. மார்ச்சுல வேற தரேன்."

"இல்லை அக்கா, இது பாதி முடிஞ்சுது. இடியப்பத்தோட நல்லாத்தான் இருக்கு."

எல்லோரும் அப்படி இருக்கவில்லை. சிலர் ஜாடிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் முகம் கொடுத்துப் பேசாமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். அக்காவைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒருவர் விடாமல் எழுதினார். அட்மின் கடைசியில், விதி இருக்கும், அவரும் இருப்பார் என்று எழுதினார். கேட்டவர் வெளியேறினார். பாட்டனிக் கடைக்காரர் சரக்கை எடுத்ததில் கோபித்துக்கொண்டு, அதன்பின் அழைக்கவே இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது. அக்கா கூடுதல் ஷிப்ட் எடுத்தார்.

அடுத்த கோடையிலிருந்து இரண்டு லேபிள். தோட்டத்து மிளகாய்க்கு ஒன்று, காய்ந்த மிளகாய்க்கு ஒன்று. கோடை லேபிளில் மிளகாய் கொடுத்தவர்களின் பேட்டைகள் எல்லாம் இருக்கும். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். எப்போது வரும் என்று மார்ச்சுக்கு முன்பே கேட்கத் தொடங்கினார்கள். கேட்டது பெரும்பாலும் குழுவில் இருந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும். அக்கா விளம்பரத்துக்கென்று எதையும் செய்யவில்லை. நான் செய்தது படங்கள் எடுத்ததும் லேபிள் எழுதியதும் மட்டும்.

இதையே ஒரு நேர்முகத் தேர்வில் சொன்னேன். சம்பல் பக்கத்தை எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் கிடைத்தது, நகர மையத்தில், சிறிய நிறுவனம். அங்கே ஒருமுறை செடி உரம் விற்கும் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். தோட்டக்காரர்களின் இணையக் குழுக்களுக்குள் போக வேண்டும் என்றார். உங்களிடம் வேலை செய்பவர்களில் செடி வளர்க்கும் ஒருவரை அனுப்புங்கள், அவர் உரத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்றேன். பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். இரண்டு பருவம் என்றேன். அவர்கள் கடைசியில் பேருந்துகளின் பக்கவாட்டில் விளம்பரம் போட்டார்கள். அது நன்றாகவே இருந்தது.

வேலை மாறியபின் அக்கா வீட்டுக்குப் போவது குறைந்தது. ஒரு கோடையில், நான் அலுவலகத்தில் இருக்கும்போது அண்ணன் அழைத்தார்.

"நீயாச்சும் அவகிட்ட சொல்லு லா. புதுச் சம்பல் ரெடி, பெட்டி பெட்டியா ஹால்ல கெடக்கு. பக்கத்துல ஒரு போஸ்ட் போடுன்னா போட மாட்டேங்கிறா."

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பதிவு போன வருடத்தது. குழுவைத் திறந்தேன். அன்று காலைதான் அக்கா நீளமாக ஒன்று எழுதியிருந்தார். இரண்டு வகைகளைக் கலந்து அவர் உண்டாக்கிய செடியில் ஊதா நிறத்தில் காய் பிடித்திருக்கிறது, நத்தைகள் விடமாட்டேன் என்கின்றன, யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டிருந்தார். கீழே அட்மின் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்ட குடுங்க, பேசுறேன்," என்றேன்.

"அவ தோட்டத்துல இருக்கா. டார்ச் லைட்டு வாங்கணும்னு சொல்லிட்டிருக்கா, ராத்திரியில நத்தை பிடிக்க," என்றார் அண்ணன்.